இன்ஜின் ஆயிலில் அடிட்டிவ் ஊற்றலாமா? ஏழு வழிகள், ஓர் ஒப்பீடு

சர்வீஸுக்கு வண்டியை விட்டால், ஆயில் மாற்றும் நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும். "கூடவே இந்த பாட்டிலையும் ஊத்திடலாமா சார்? இன்ஜின் நல்லா ஸ்மூத்தா இருக்கும்." உராய்வு பாதியாகும், தேய்மானம் நிற்கும், மைலேஜ் கூடும் என்று லேபிள் சொல்கிறது. சரி என்றால் காசு தண்டமோ என்று சந்தேகம். வேண்டாம் என்றால் இன்ஜினுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமோ என்று உறுத்தல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் ஓடும் இன்ஜினுக்குச் சரியான ஆயில் ஊற்றியிருந்தால் தனி அடிட்டிவ் தேவையில்லை. அதற்காக எல்லா பாட்டிலும் ஏமாற்று என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. சிலவற்றுக்கு உண்மையிலேயே வேலை உண்டு, ஆனால் அந்த வேலை நம் வண்டியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

## உராய்வு எங்கே நடக்கிறது?

ஓடும் இன்ஜினில் கிரேங்க்ஷாஃப்டும் அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவே சில மைக்ரான் தடிமனுக்கு ஆயில் படலம் நிற்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால் டயர் தரையை விட்டு மிதக்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. அங்கே வரும் இழுவை, ஆயில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் வருவது. அதைத் தீர்மானிப்பது ஆயிலின் கெட்டித்தன்மை. வழுவழுப்பாக்கும் எந்தப் பொருளைச் சேர்த்தாலும் தொடாத இரண்டு உலோகங்களுக்கு நடுவே அதற்கு வேலை கிடையாது.

உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களும் உண்டு. வால்வைத் திறக்கும் கேம் லோப் (கேம்ஷாஃப்டில் உள்ள புடைப்பு) டேப்பெட்டை அழுத்தும் இடம் ஒன்று. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசுவது இன்னொன்று; வேகம் பூஜ்யமாகும் அந்தக் கணத்தில் படலம் மெலிந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் சில விநாடிகள் மூன்றாவது. வேகம், சுமை, கெட்டித்தன்மை மூன்றும் சேர்ந்து படலத்தை எப்படி ஆக்கும், அழிக்கும் என்பதை 1902-லேயே ஜெர்மன் இன்ஜினியர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார். அடிட்டிவ் விளம்பரங்கள் அந்த வளைகோட்டின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்த இன்ஜினும் அப்படித்தான் என்று பேசுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கார் எரிக்கும் பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இன்ஜினுக்குள் இருக்கும் உராய்வுக்குப் போகிறது. நூறு சொட்டு எரிந்தால் பத்து சொட்டு. அந்தப் பத்திலும் பெரும்பகுதி ஆயிலின் இழுவை. உலோகம் தொடும் இடங்களுக்கு இரண்டு மூன்று சொட்டு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை ஓர் அடிட்டிவ் பாதியாக்கினாலும் உராய்வில் மிச்சம் ஒன்றரை சொட்டு; அதோடு சேர்ந்து சூடாக வீணாவது குறைவதையும் கணக்கில் எடுத்தாலும் நாலைந்து சொட்டைத் தாண்டாது. லேபிளில் 20 சதவீத மைலேஜ் என்று போட்டிருந்தால் அந்த மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம்.

## ஆயிலுக்குள் ஏற்கெனவே இருப்பது

கடையில் வாங்கும் இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மீதி முழுக்க அடிட்டிவ்தான்: கரியைக் கழுவுவது, கழுவியதைக் கட்டிபிடிக்காமல் மிதக்க வைப்பது, நுரையை அடக்குவது, ஆயில் கெட்டுப்போகாமல் காப்பது, தேய்மானத்தைத் தடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசாயனம். தேய்மானத்துக்கு நிற்கும் பழைய காவல்காரன் இசட்டிடிபி, அதாவது ஜிங்க்கும் பாஸ்பரஸும் கந்தகமும் கலந்த சேர்மம். 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் அது கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலமாகப் படியும். தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும். கேம் லோப் உரசும்போது உலோகத்துக்குப் பதிலாக அந்தப் படலம் தேயும், திரும்பவும் படியும்.

இந்தக் கலவை மொத்தத்தையும் நிஜ இன்ஜினில் மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆயில் டப்பாவில் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் (ஏபிஐ) தர எழுத்து ஏறுகிறது. தனியாக விற்கும் அடிட்டிவ் பாட்டிலுக்கு ஏபிஐ அப்படி எந்தத் தரச் சான்றும் கொடுப்பதில்லை. காரில் நான்கு லிட்டர் ஆயிலுக்கு 300 மில்லி அடிட்டிவ் ஊற்றினால், சோதித்துப் பார்த்த கலவையை ஏழு சதவீதம் நீர்க்க வைத்து, சோதிக்காத ஒன்றாக மாற்றுகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்க்கும் விஷயங்கள் ஐந்து. இந்தப் பொருள் வேலை செய்யும் இடம், நம் இன்ஜினில் பிரச்சினை உள்ள இடமா? ஆயிலில் ஏற்கெனவே இருப்பதோடு இது ஒத்துப்போகுமா, சண்டை போடுமா? (உலோகத்தின் மேற்பரப்பு ஒன்றுதான், அதில் இடம் பிடிக்க எல்லா ரசாயனமும் போட்டி போடும்.) சொல்லும் பலன் இன்ஜினில் ஓட்டி அளந்ததா? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன: கிளட்ச், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், வாரன்டி? கடைசியாக, அதே காசில் வேறு என்ன செய்திருக்கலாம்?

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், பலர் விழுவது அங்கேதான். கண்காட்சிகளிலும் வீடியோக்களிலும் ஒரு மெஷின் வைத்துக் காட்டுவார்கள். மோட்டார் ஒன்று எஃகு வளையத்தைச் சுற்றும், அதன் மேல் ஒரு சின்ன பேரிங்கை நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதா ஆயிலில் கிறீச்சென்று கத்தி மோட்டார் நின்றுபோகும். இரண்டு சொட்டு அடிட்டிவ் விட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் வாய் பிளந்து நிற்கும். உண்மையில் அந்த மெஷின் அளப்பது ஊசிமுனை இடத்தில் அதீத அழுத்தம் வந்தால் என்ன ஆகும் என்பதை. கியர் ஆயிலுக்கும் கிரீஸுக்கும் அது பொருத்தமான கேள்வி. அந்த மெஷினில் ஷாம்பூ, துணி வெளுக்கும் பிளீச் எல்லாம்கூடப் பிரமாதமாகத் தேறும். பிளீச்சில் உள்ள குளோரின் இரும்போடு சேர்ந்து வழுக்கும் படலம் ஒன்றை உண்டாக்கிவிடும், அவ்வளவுதான். அதற்காக இன்ஜினில் பிளீச் ஊற்றுவோமா? இந்த வித்தைக்கென்றே சில அடிட்டிவ்களில் குளோரின் ஏற்றிய பாரஃபின் இருக்கும். இன்ஜின் சூட்டில் அது சிதைந்தால் அமிலமாகும், அமிலம் பேரிங்கை அரிக்கும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1999-இல் டியூரா லூப் என்ற அடிட்டிவ் மீது எடுத்த நடவடிக்கையில் ஒரு குற்றச்சாட்டே, குளோரின் இல்லை என்று பொய் சொன்னார்கள் என்பதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே உதவும் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| சரியான ஆயில், சரியான நேரம் | எல்லா இடமும் | எதுவுமில்லை | எல்லோருக்கும் |
| ஒரு படி மேலான ஆயில் | குளிர் ஸ்டார்ட், கடும் சூடு | கிரேடு தவறினால் வம்பு | டர்போ, நீண்ட ஓட்டம், நெரிசல் |
| மாலிப்டினம் வகை | கேம், ரிங் | பைக் கிளட்ச் சிலிப் | சாதாரண ஆயில் ஓடும் பழைய கார் |
| பிடிஎஃப்இ (நான்ஸ்டிக் பொருள்) | நிரூபணம் இல்லை | துகள் தேக்கம் | யாருக்கும் சொல்ல மாட்டேன் |
| ஜிங்க் | பழைய டேப்பெட் கேம் | கன்வர்ட்டர் கெடும் | பழங்கால இன்ஜின் |
| புகை, கசிவு நிறுத்தி | சீல், தேய்ந்த ரிங் (தற்காலிகம்) | நோயை மறைக்கும் | விற்கப்போகும் அல்லது கடைசிக் கால வண்டி |
| ஃப்ளஷ் | லேசான கசடு | ஸ்ட்ரெய்னர் அடைப்பு | யோசித்துச் செய்ய வேண்டியது |

## 1. எதுவும் சேர்க்காமல், சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது

அலுப்பான பதில்தான், ஆனாலும் மற்ற ஆறையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் கெட்டித்தன்மை கிரேடு, தர எழுத்து இரண்டையும் பார்த்து வாங்கி, சொன்ன தூரத்தில் மாற்றினால் தேய்மானம் இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் அளவுக்கு வருவது அபூர்வம். அடிட்டிவ் ஊற்றியதும் "சத்தம் குறைஞ்சிடுச்சு" என்று பலர் சத்தியம் செய்வார்கள். பொய் சொல்லவில்லை. அடிட்டிவ் ஊற்றுவது பெரும்பாலும் ஆயில் மாற்றும் அன்றுதான். பழைய ஆயில் மெலிந்து கறுத்திருக்கும், புதிய ஆயில் கெட்டியாக இருக்கும், சத்தம் குறையத்தான் செய்யும். வேலை செய்தது ஆயில், பேர் வாங்கியது பாட்டில்.

இதில் மறைந்த செலவு என்று தேடினால் ஒன்றே ஒன்று: நாமே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஏர் ஃபில்டர். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே போகும் தூசி, உப்புத்தாள் மாதிரி ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். அந்தச் சேதத்தை எந்த பாட்டிலாலும் ஈடுகட்ட முடியாது.

## 2. பாட்டில் காசை ஆயிலிலேயே போடுவது

சாதாரண ஆயிலுக்கும் சிந்தெடிக் ஆயிலுக்கும் உள்ள விலை வித்தியாசமும் ஒரு நல்ல அடிட்டிவ் பாட்டிலின் விலையும் பல சமயம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அப்படியிருக்கும்போது நான் யோசிக்கவே மாட்டேன். சிந்தெடிக் ஆயில் குளிரில் சீக்கிரம் ஓடிப்போய் கேமை நனைக்கும், சூட்டில் மெதுவாகக் கெடும், அதன் அடிட்டிவ் கலவையும் மொத்தமாகச் சோதிக்கப்பட்டது.

உராய்வைக் குறைக்கும் பெரிய நெம்புகோலும் இங்கேதான் இருக்கிறது: கெட்டித்தன்மை. 15டபிள்யூ-40-லிருந்து 5டபிள்யூ-30-க்கு இறங்கினால் மைலேஜ் ஓரிரு சதவீதம் கூடுவது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் கையேடு அனுமதித்தால் மட்டும். கெட்டி ஆயிலுக்கென்று செய்த பேரிங்கில் மெல்லிய ஆயிலை ஊற்றினால் மிதக்கும் படலமே கிழியும். மைலேஜுக்கு ஆசைப்பட்டு பேரிங்கை இழந்த கதையாகிவிடும்.

டர்போ வைத்த, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின் உங்களுடையது என்றால் தனி அடிட்டிவை இன்னும் தள்ளியே வையுங்கள். அந்த வகை இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் கால்சியம் கூடினால் அது அதிகமாகும் என்று கண்டுபிடித்து, 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று தரத்தையே மாற்றினார்கள். பாட்டிலில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று லேபிளில் பெரும்பாலும் இருக்காது.

## 3. மாலிப்டினம் போன்ற உராய்வுக் குறைப்பான்கள்

பாட்டிலில் வருபவற்றில் மரியாதைக்குரியது இதுதான். இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று, கருப்புத் தூளாக மிதக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு. மற்றது, ஆயிலில் கரையும் மாலிப்டினம் சேர்மம். சூடும் உரசலும் உள்ள இடத்தில் சிதைந்து, அதே மாலிப்டினம் டைசல்ஃபைடை அந்த இடத்திலேயே நுண்ணிய தகடுகளாக உண்டாக்கும். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான அமைப்பு என்பதால் ஓர் அடுக்கு மற்றதன் மேல் வழுக்கிப் போகும். ஆய்வகத்தில் உலோகம் தொடும் நிலையில் உராய்வுக் கெழுவை இது பாதியாகவோ அதற்கும் கீழோ குறைக்கும். இது விளம்பரம் இல்லை, நிலைநாட்டப்பட்ட ரசாயனம்.

அப்புறம் ஏன் ஊற்றச் சொல்லவில்லை? நல்ல பொருள் என்பதால்தான் ஆயில் கம்பெனிகளே இதைச் சேர்த்துவிட்டன. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்களில் மாலிப்டினம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். சர்க்கரை போட்ட காபியில் இன்னொரு கரண்டி போட்டால் இனிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. மேற்பரப்பு நிறைந்த பிறகு கூடுதல் சரக்கு சும்மா மிதக்கும், சில சமயம் தேய்மானத்தைத் தடுக்கும் இசட்டிடிபியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பைக் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் கிளட்சும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட்டுகளுக்கு உராய்வுதான் பிழைப்பே. பல வருடம் முன்பு என் பழைய பைக்கில் ஆசைப்பட்டு ஒரு பாட்டில் ஊற்றினேன். முதல் நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது, நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரமே ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் திருகினால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. கிளட்ச் சிலிப். ஆயிலை மாற்றியும் சரியாகவில்லை. பிளேட் செட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பது கிளட்ச் வழுக்காது என்பதற்கான உத்தரவாதம். நாம் ஊற்றும் பாட்டில் அந்த உத்தரவாதத்தை அழித்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து இருப்பதால் இந்தப் பயம் இல்லை. அதற்கு எம்பி ஆயில்.

சாதாரண கனிம ஆயிலே ஓடும், வாரன்டி முடிந்த, நல்ல நிலையில் உள்ள பழைய கார் என்றால் இதை முயற்சி செய்வதில் தப்பில்லை. சிறு பலன் கிடைக்கலாம். ஆனால் இரண்டாவது வழி அதைவிட நல்லது என்று நான் திரும்பவும் சொல்வேன்.

## 4. பிடிஎஃப்இ

நான்ஸ்டிக் பாத்திரத்தில் இருக்கும் அதே பொருள், துகளாக. "இன்ஜினுக்குள் நான்ஸ்டிக் பூச்சு" என்று கேட்கும்போது நம்பத்தான் தோன்றும். பாத்திரத்தில் அதை ஒட்டவைக்க உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பிடிஎஃப்இ உருகும் 327 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடவைக்க வேண்டும். இன்ஜின் ஆயில் சாதாரணமாக நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒட்டாத துகள் எங்கே போகும்? ஃபில்டரிலும் ஆயில் சேம்பரின் அடியிலும் தங்கும்.

இந்த வகையில் பேர்பெற்ற ஸ்லிக் 50 மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-இல் குற்றம்சாட்டி, 1997-இல் சமரசம் செய்துகொள்ள வைத்தது. ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை என்பது போன்ற விளம்பரங்கள் தவறு, சாதா ஆயிலே பெரும்பாலான இன்ஜின்களைக் காக்கிறது, தேய்மானம் பாதியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது வாதம். இதற்கு மேல் இந்த வகைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

## 5. ஜிங்க்

ஜிங்க் பாட்டிலில் இருப்பது மேலே சொன்ன இசட்டிடிபிதான். அதிலுள்ள பாஸ்பரஸ், ஆயில் கொஞ்சம் எரியும்போது புகையோடு போய்க் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். அதனால் நவீன பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 600 முதல் 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கட்டிப்போட்டார்கள். உருளை வைத்த நவீன வால்வ் அமைப்புக்கு அது போதும். கேம் நேரடியாகத் தட்டை டேப்பெட்டின் மேல் வழுக்கும் பழங்கால இன்ஜினுக்கு, அதுவும் கேம் புதிதாக மாட்டி முதன்முதலாக ஓட்டும்போது, அது போதாமல் போகலாம். தனி அடிட்டிவுக்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். அங்கும் ஜிங்க் கூடுதலாக உள்ள, பழைய இன்ஜின்களுக்கென்றே விற்கும் ஆயில் கிடைத்தால் அளவு தப்பும் பயம் இல்லை. கன்வர்ட்டர் உள்ள காரில் ஊற்றினால், கேமைக் காக்கிறேன் என்று கன்வர்ட்டரைப் பலி கொடுக்கும் வேலை.

## 6. புகை, கசிவு நிறுத்திகள்

தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். பாதி சரக்கு ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர். மீதி, காய்ந்துபோன ரப்பர் சீலை ஊறவைத்து மென்மையாக்கும் திரவம். வயதாகி விறைத்த வால்வ் சீலால் காலையில் மட்டும் நீலப் புகை வந்தால், அல்லது சீலில் மெதுவாகக் கசிந்தால் பலன் தெரியும். கிழிந்த சீலுக்கும் உடைந்த ரிங்குக்கும் தெரியாது. ஆயில் கெட்டியாவதால் காலை ஸ்டார்ட்டில் கேமுக்கு ஆயில் போய்ச் சேர நேரமெடுக்கும். தேய்மானத்தைக் குறைக்க வாங்கியது அதைக் கூட்டும். பழைய வண்டி வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். சோதனை ஓட்டத்தில் புகை இல்லை, சத்தம் இல்லை, டிப்ஸ்டிக்கிலிருந்து ஆயில் மட்டும் நூலாக இழுபடுகிறது என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். இன்னும் சில மாதத்தில் இன்ஜின் இறக்கியே ஆக வேண்டும், அதுவரை ஓட வேண்டும் என்பவருக்கு இது வசதி.

## 7. ஃப்ளஷ்

ஆயில் வடிப்பதற்கு முன் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, கசடோடு வடிப்பது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினில் கழுவ ஒன்றும் இருக்காது. பல வருடம் கவனிக்காத இன்ஜினில் கசடு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை (சல்லடையை) அடைத்தால் மேலே ஆயிலே போகாது. அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல ஆயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது மெதுவான, பத்திரமான கழுவல். வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் ஃப்ளஷ் தங்கிப் புதிய ஆயிலை மெலியவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## எப்படியும் ஊற்றிப் பார்ப்பேன் என்பவர்களுக்கு

சரி, அப்படியென்றால் ஒழுங்காகப் பாருங்கள். ஆயில் மாற்றும் அன்று ஊற்றாதீர்கள். புதிய ஆயிலில் ஓராயிரம் கிலோமீட்டர் ஓட்டி, டேங்க்கை வழிய நிரப்பி, மறுபடி வழிய நிரப்பி மைலேஜை மூன்று நான்கு முறை எழுதி வையுங்கள். அதன் பிறகு பாட்டிலை ஊற்றி, அதே ரோட்டில், டயரில் அதே காற்றழுத்தத்தில் மறுபடி அத்தனை முறை. ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசமே ஐந்து சதவீதம் வருவதைப் பார்ப்பீர்கள். அதற்குள் ஒரு சதவீதத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

தேய்மானத்தைக் காது சொல்லாது. வடித்த ஆயிலில் ஒரு சிறு குப்பி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, ஈயம் எத்தனை பிபிஎம் என்று தாளில் வரும். இரும்பு கேமிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ வந்தது. செம்பும் ஈயமும் பேரிங்கிலிருந்து. அடிட்டிவ் இல்லாத ஒரு ஆயிலும் அடிட்டிவ் ஊற்றிய ஒரு ஆயிலும், ஒரே தூரம் ஓடியபின் எடுத்தவை, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலிக்கான் எண் ஏறியிருந்தால் உள்ளே தூசி போகிறது என்று அர்த்தம்; அடிட்டிவை விட்டுவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள்.